லொம்போக் தென்கரை மீனவக் கிராமத்தில் நிலம், வீடு, குடியிருப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவில் கடலோரமாக ஒரு துண்டு நிலம், சின்னதாக ஒரு வீடு என்று விசாரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. லொம்போக் தீவின் தென்கரை (கெருப்புக், ஆவாங், ஏகாஸ், செலோங் பெலானாக் பக்கம்) மனத்தில் வைத்து எழுதியது. நிலச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஊர் வழக்கம் தீவுக்குத் தீவு மாறும்.

வெளிநாட்டுக்காரர் அங்கே நிலம் வாங்க முடியுமா, முடியாதா? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

முழு உரிமை கிடையாது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ என்ற முழு உடைமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். ஆளுக்கொரு பதில் வரக் காரணம், முழு உடைமைக்குக் கீழே வேறு சில உரிமைகள் இருப்பதுதான். அதில் ஏதாவது ஒன்றை எடுத்தவரும் ‘வாங்கினேன்’ என்றே சொல்லிக்கொள்கிறார்.

‘ஹாக் பாக்காய்’ என்பது பயன்பாட்டு உரிமை. முறையான விசா அல்லது தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் தன் பெயரிலேயே சான்றிதழ் பெறலாம். 2021-இன் 18-ஆம் எண் அரசு விதிப்படி முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் மாகாணவாரியாகக் குறைந்தபட்ச வீட்டு விலை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரே மனை, அதுவும் பொதுவாக 2,000 சதுர மீட்டருக்குள். மீனவக் கிராமத்தில் சின்ன வீடு தேடுபவருக்கு இந்த வழி பெரும்பாலும் ஒத்துவராது. அடுத்தது ‘ஹாக் குனா பாங்குனான்’, கட்டட உரிமை. இது வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்குபவர்களுக்கு. நிலமும் கட்டடமும் போக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். மிச்சம் இருப்பது குத்தகை. கிராமத்தில் குடியிருக்கும் வெளிநாட்டவர்களில் மிகப் பலர் குத்தகைக்காரர்கள்தான்.

“12 அரே, விலை 40 ஜூத்தா” என்கிறார்கள். என்ன கணக்கு இது?

ஒரு அரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக 12 அரே என்பது கிட்டத்தட்ட 30 சென்ட். ஒரு ஜூத்தா பத்து லட்சம் ரூப்பியா. விலை சொல்வது எப்போதும் ஓர் அரேக்கு. மொத்த நிலமும் 40 ஜூத்தா என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். 12 அரேக்கு 480 ஜூத்தா.

உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிவிட்டு, ‘பணம் என்னுடையது’ என்று தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதாதா?

நம் ஊர் பினாமிதான் இது. முகவர்கள் இன்னும் இதைத்தான் எளிய வழி என்று சொல்கிறார்கள். நில உரிமையை நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்த ஒப்பந்தமும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று 1960 சட்டத்தின் 26-ஆம் பிரிவே சொல்கிறது. யார் பணத்தில் வாங்கியிருந்தாலும் சான்றிதழில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் 10-ஆம் எண் சுற்றறிக்கையில் எழுதியே வைத்துவிட்டது. நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு உங்கள் ஒப்பந்தம் வெறும் காகிதம்.

மனைவி இந்தோனேசியர். அவர் பெயரில் வாங்குவதில் என்ன சிக்கல்?

திருமணத்துக்குப் பின் சேர்வது இருவருக்கும் பொதுச் சொத்து என்கிறது 1974 திருமணச் சட்டம். பாதி வெளிநாட்டவருக்குச் சேர்வதாக ஆகிவிடுவதால் பத்திர அதிகாரியும் நில அலுவலகமும் மறுத்துவிடுவார்கள். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இருந்தால் மனைவி தன் பெயரில் முழு உடைமையாகவே வாங்கலாம். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்பே எழுத வேண்டியிருந்தது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தளர்த்தியதால், திருமணத்துக்குப் பிறகும் நோட்டரி முன் எழுதிப் பதியலாம். நிலம் பார்க்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

மனைவி இறந்தால் நிலம் வாரிசுரிமையில் உங்களுக்கு வரும். ஆனால் ஓராண்டுக்குள் குடிமகன் ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும், அல்லது ஹாக் பாக்காயாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் எதில் பிழைக்கிறார்கள்? நிலத்தை ஏன் விற்கிறார்கள்?

இரண்டு பக்கமும் மிதவைக் கட்டை கட்டிய ஜூக்குங் படகில் மீன்பிடி, கடல்பாசி வளர்ப்பு, மேட்டில் மானாவாரி நெல்லும் சோளமும், வீட்டில் ஒருவர் மலேசியாவில் வேலை. பாசிக்கு 45 நாள் பயிர்க்காலம். கெருப்புக், ஆவாங் விரிகுடாக்களில் பெரிய வருமானம் குஞ்சுச் சிங்கி இறால் பிடிப்பது. அதை அரசு 2016-இல் தடை செய்தது, 2020-இல் திறந்தது, 2021-இல் ஏற்றுமதியை மூடியது, 2024-இல் மறுபடி திறந்தது. மூடிய வருடங்களில் விற்பனைக்கு வரும் நிலம் கூடும். அவசரத்துக்கு விற்கப்படும் நிலத்தில்தான் வாரிசுச் சிக்கலும் ஒத்திச் சிக்கலும் அதிகம். அதைப் பின்னால் பார்ப்போம்.

குடிதண்ணீர் எப்படி?

லொம்போக்கின் தென்பகுதி வறண்ட பகுதி. கோடைக் கடைசியில், செப்டம்பர் அக்டோபரில், லாரித் தண்ணீர் வாங்கும் கிராமங்கள் உண்டு. நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே அரை மீட்டர் இறைத்துவிட்டால் கீழிருந்து 20 மீட்டர் உப்புநீர் ஏறும். அதனால் ‘தண்ணீர் உப்பு, இன்னும் ஆழமாகப் போர் போடுவோம்’ என்பது கடலோரத்தில் நேர் எதிரான வைத்தியம். ஆழம் குறைந்த அகலக் கிணறு, சின்ன மோட்டார், நாளுக்குப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து மேல்தொட்டியில் சேர்ப்பது, இதுதான் நிலைக்கும்.

நிலம் பார்க்கும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றை அக்டோபரில், கடல் ஏற்றத்தின்போது, டி.டி.எஸ். மீட்டரால் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். 1,000-க்கு மேல் காட்டினால் குளிக்கத் துவைக்கத்தான் ஆகும். பிப்ரவரி மழையில் அளந்த கணக்கு எதற்கும் உதவாது. குடிக்க 19 லிட்டர் கேன் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி. மணல் மண்ணில் இன்னும் தள்ளியே வையுங்கள்.

கரண்ட், கேஸ்?

மின்சாரம் 220 வோல்ட், முன்பணம் கட்டும் மீட்டர். கடையிலோ கைபேசியிலோ காசு கட்டினால் 20 இலக்க எண் வரும், மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். கிராம வீடுகளில் 450 அல்லது 900 வி.ஏ. இணைப்புதான். 1,300 வி.ஏ. என்றால் 6 ஆம்பியர் பிரேக்கர், ஏ.சி. ஓடும்போது தண்ணீர் மோட்டார் கிளம்பினால் அடித்துவிழும். இரண்டும் வேண்டுமென்றால் 2,200 கேளுங்கள். இந்திய, இலங்கை மூன்று முள் பிளக்குகள் அங்கே பொருந்தாது, உருண்டை இரண்டு முள்தான்.

பச்சை நிற 3 கிலோ சிலிண்டர் மானியத்தில் ஏழைகளுக்குத் தருவது, அடையாள அட்டை கேட்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியது இளஞ்சிவப்பு 5.5 அல்லது 12 கிலோ.

ஊரில் யாரிடம் சொல்லிவிட்டுத் தங்க வேண்டும்?

24 மணி நேரத்துக்குள் ஆர்.டி. எனப்படும் தெருப் பொறுப்பாளரிடம் கடவுச்சீட்டு நகலைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு மேலே டுசுன் (குக்கிராமம்) தலைவர், அதற்கு மேலே கெப்பாலா தேசா எனும் கிராமத் தலைவர். தலைவரின் பதவிக்காலம் 2024 திருத்தத்துக்குப் பின் 8 ஆண்டு. நிலக் காகிதங்களில் அவர் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்தால், அவரோடு நல்லபடியாக இருப்பது ஏன் முக்கியம் என்று புரியும்.

ஊர்க் கட்டுப்பாடுகளுக்கு ‘அவிக்-அவிக்’ என்று பெயர். திருட்டு, திருமணம், மீன்பிடி எல்லாம் அதில் வரும். லொம்போக்கின் பூர்வகுடிகளான சசாக் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். விடியற்காலைத் தொழுகை அழைப்பு ஒலிபெருக்கியில் வரும். அதைக் குறைக்கச் சொல்லும் எண்ணம் இருந்தால் வேறு ஊர் பாருங்கள். துக்க வீட்டுக்கு அரிசி கொண்டுபோவதும், வீட்டு விசேஷச் சமையலுக்குக் கைகொடுப்பதும் அழைப்பில்லாமலே செய்ய வேண்டியவை. பிப்ரவரி அல்லது மார்ச்சில் பாவ் ஞாலே திருவிழா, கடல்புழு அள்ளும் இரவு. அன்று தென்கரைச் சாலைகளில் வண்டி நகராது.

செங்கல் வீடு நல்லதா, மர வீடு நல்லதா? நிலநடுக்கம் வரும் இடமாச்சே.

2018 ஜூலை 29 தொடங்கி ஆகஸ்ட் வரை லொம்போக்கை அடுத்தடுத்துப் பெரிய நிலநடுக்கங்கள் தாக்கின. ஆகஸ்ட் 5 அன்று வந்தது ரிக்டர் 7-ஐ ஒட்டியது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். வடக்கில் சேதம் அதிகம். விழுந்தவற்றில் பெரும்பகுதி கம்பி இல்லாத, அல்லது பேருக்குக் கம்பி வைத்த செங்கல் சுவர்கள். செங்கல்மேல் குற்றமில்லை. அதைச் சுற்றிக் கட்டும் காங்கிரீட் சட்டகத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசு வழிகாட்டி சொல்வது இது: அடியில் பெல்ட், மேலே பெல்ட், 3 மீட்டருக்கு ஒரு பில்லர், பில்லர்களுக்கு நடுவே சுவர் 9 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. பில்லர் 15-க்கு 15 செ.மீ., உள்ளே 10 மி.மீ. கம்பி நான்கு, 8 மி.மீ. ரிங் 15 செ.மீ.க்கு ஒன்று. ரிங்கின் முனையை 135 பாகைக்கு உள்பக்கம் மடக்க வேண்டும். கொத்தனார்கள் 90-இல் நிறுத்திவிடுவார்கள். குலுக்கலில் அது பிரிந்துகொள்ளும். அடுத்த ஏமாற்று கம்பியில். 10 என்று விற்பது 8.5 தான் இருக்கும். இதற்கு ‘பெசி பாஞ்சி’ என்று கடைத்தெருவில் பெயரே உண்டு. காலிப்பர் கையில் வைத்துக்கொண்டு இறக்கும்போதே அளங்கள், பிறகு பேசிப் பயனில்லை.

கடலோரத்துக்குக் கூடுதலாக இரண்டு. கடற்கரை மணலில் கலவை போடவே கூடாது, உப்பு கம்பியைத் தின்று சில வருடங்களில் காங்கிரீட்டை உரித்துவிடும். ஆற்று மணலோ ரிஞ்சானி பக்கத்து எரிமலை மணலோ வரவழையுங்கள். கம்பிக்கு வெளியே காங்கிரீட் மூடல் 4 செ.மீ. வையுங்கள். அதற்கேற்பப் பில்லரை 20 செ.மீ. ஆக்க வேண்டிவரும். மர வீடு ஆட்டத்தைத் தாங்கும், ஆனால் கரையான் விடாது. மண்ணைத் தொடாமல் கல் பாதத்தின்மேல் நிறுத்துவதும், முற்றிய தென்னை, உலின் போன்ற மரம் எடுப்பதும் அவசியம். அலாங்-அலாங் புல் கூரை குளுமைதான். சில வருடத்துக்கொருமுறை மாற்றும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுனாமி வந்தால்?

1977 ஆகஸ்ட் 19 சும்பா நிலநடுக்கத்தின் அலை லொம்போக்கின் தென்கரையையும் தொட்டது. எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திருக்காதீர்கள். இந்தோனேசியாவில் சொல்லிக்கொடுப்பது 20-20-20: ஆட்டம் 20 விநாடி நீடித்தால், 20 நிமிடத்துக்குள், 20 மீட்டர் உயரத்துக்குப் போய்விட வேண்டும். தென்கரையில் மேடு பக்கத்திலேயே இருக்கிறது. மனையிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதை யாருடைய வேலியையும் தாண்டாமல் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள்.

விற்பவர் ஒரு கட்டுக் காகிதம் காட்டுகிறார். எது உண்மையான பத்திரம்?

நில அலுவலகமான பி.பி.என். கொடுத்த சான்றிதழ் மட்டுமே உரிமைக்கு ஆதாரம். பழையது பச்சை அட்டைப் புத்தகம், புதியது கியூ.ஆர். குறியோடு ஒற்றைத் தாள். மற்றதெல்லாம் துணைச் சான்று. பிப்பில், கிரிக், லெட்டர் சி என்பவை பழைய வரிப் பதிவேட்டு நகல்கள். 2021 பிப்ரவரி 2-இல் அமலுக்கு வந்த விதி இவற்றைச் சான்றிதழாக மாற்ற 5 ஆண்டு கெடு கொடுத்தது. அதற்குப் பின் இவை வழிகாட்டும் குறிப்பு மட்டுமே. ‘ஸ்போராடிக்’ என்பது ‘இந்த நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது’ என்று அனுபவதாரர் எழுதிச் சாட்சிகளும் கிராமத் தலைவரும் கையெழுத்திட்ட தாள். ஒரே நிலத்துக்கு இரண்டு தலைவர்கள் காலத்தில் இரண்டு ஸ்போராடிக் இருப்பது நடக்கிற காரியம். ஆண்டு நிலவரி ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி, அவ்வளவே.

சான்றிதழ் இல்லாத நிலம் மலிவாகக் கிடைக்கும். முன்பணம் கொடுத்து, ‘சான்றிதழ் வந்தபின் மிச்சம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ் எடுக்கும் வேலை விற்பவருடையதாக இருக்கட்டும்.

சான்றிதழ் இருக்கிறது. இனி என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பி.பி.ஏ.டி. எனும் பத்திர அதிகாரி மூலம் நில அலுவலகத்தில் சரிபார்ப்பு. அரசுக் கட்டணம் 50,000 ரூப்பியாதான். வங்கி அடமானம், நீதிமன்றத் தடை இருந்தால் இதில் தெரிந்துவிடும். ‘செந்துஹ் தானாஹ்கு’ செயலியில் மனை வரைபடத்தில் விழுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். 1980, 90-களின் சான்றிதழ்கள் சில வரைபடத்தில் இடம் குறிக்கப்படாமலே இருக்கின்றன. அப்படியென்றால் மறு அளவை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து நிலத்தின்மேல் நடங்கள். சான்றிதழோடு இருக்கும் அளவைத் தாளைக் கையில் வைத்து, நான்கு பக்கத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு எல்லைக்கல்லையும் தொட்டுப் பாருங்கள். அளவையாளர் வரும்போது அவர்கள் கையெழுத்து வேண்டும், அதனால் இப்போதே முகம் பார்த்துக்கொள்வது நல்லது. படகு இழுக்கும் பாதை, கிணற்றுக்குப் போகும் பாதை, பழைய கல்லறை, அடுத்தவர் காய் பறிக்கும் தென்னை, இவை எதுவும் சான்றிதழில் இருக்காது. பாதையை அடைத்து வேலி போட்டவர் ஊரில் நிம்மதியாக இருந்ததில்லை.

கடைசியாக ஒத்தி. ‘காடாய்’ என்பார்கள். நிலத்துக்காரர் பணம் வாங்கிக்கொண்டு உழும் உரிமையை இன்னொருவரிடம் விட்டிருப்பார். ‘இப்போது இதை யார் உழுகிறார், எத்தனை வருடமாக?’ என்று நேராகக் கேளுங்கள். விளைநில ஒத்தி 7 ஆண்டு ஆகிவிட்டால் பணம் கேட்காமல் நிலத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று 1960-லேயே சட்டம் உண்டு. ஊரில் அதைச் சொல்லிச் சண்டைக்குப் போகாமல், மீட்புப் பணத்தை விற்பவர் பங்கிலிருந்து கழித்து, ஒத்திக்காரர் கையெழுத்தையும் வாங்கிவிடுவதுதான் வழக்கம்.

அண்ணன் மலேசியாவில் இருக்கிறார், அவர் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம் என்கிறார் விற்பவர். சரிதானே?

சரியில்லை. சான்றிதழ் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், மணமாகிப் போன பெண்களும் சேர்த்து. லொம்போக்கில் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்கு மலேசியா போனவர் இல்லாத குடும்பம் குறைவு. அவர் அங்குள்ள இந்தோனேசியத் தூதரகத்திலோ, பினாங்கு, ஜோகூர் பாரு போன்ற ஊர்களின் துணைத் தூதரகத்திலோ அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். இது முடியும்வரை பணம் நோட்டரி வசம் இருக்கட்டும்.

விலை போக எவ்வளவு செலவு வரும்?

மேலே சொன்ன 480 ஜூத்தா நிலத்தையே எடுப்போம். வாங்குபவர் வரி 5 சதவீதம், ஆனால் முதல் 80 ஜூத்தாவுக்கு விலக்கு (மாவட்டம் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கலாம்): 400-இல் 5 சதவீதம், 20 ஜூத்தா. விற்பவர் வரி 2.5 சதவீதம், 12 ஜூத்தா. பத்திர அதிகாரிக்கு அதிகபட்சம் 1 சதவீதம், 4.8 ஜூத்தா. கிராமத்தில் பலர் ‘எல்லா வரியும் வாங்குபவர் தலையில்’ என்ற நினைப்பில் விலை சொல்வார்கள். முதல் நாளே பேசித் தெளிவாக்குங்கள். குத்தகைக்கு வேறு கணக்கு: நில உரிமையாளர் மீது 10 சதவீத வருமான வரி.

முன்வரிசை மனை, அலை வந்து தொடுகிறது. அதில் வீடு கட்டலாமா?

உச்சக் கடல் ஏற்றக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் குறைந்தது 100 மீட்டர் கரையோரக் காப்புப் பகுதி என்பது 2016-இன் 51-ஆம் எண் அதிபர் ஆணை. துல்லியமான எல்லையை வட்டாரத் திட்ட வரைபடம் சொல்லும். உங்கள் மனை எந்த நிறத்தில் விழுகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டைக்குள் சான்றிதழ் இருக்கலாம், ஆனால் கட்டட அனுமதி கிடைக்காது. ஏற்கெனவே நாலு குடில் நிற்கிறதே என்பது வாதமாகாது. தென்கரையில் அனுமதியில்லாத கடற்கரைக் கடைகளை இடித்தது பலமுறை நடந்திருக்கிறது.

கடல் நிலத்தை அரித்துவிட்டால்? அல்லது புது மணல்மேடு சேர்ந்தால்?

அரித்துப்போய் அடையாளம் காண முடியாததை ‘தானாஹ் முஸ்னாஹ்’, அழிந்த நிலம் என்று அறிவிப்பார்கள். அத்தோடு உரிமை முடிந்தது. மீட்டெடுக்க முதல் உரிமை பழைய உரிமையாளருக்கு உண்டு, செலவும் அவருடையது. ஜாவாவின் தெமாக் கரையில் மூழ்கிய ஊர்கள் இதைத்தான் எதிர்கொண்டன. புதிதாகச் சேரும் மணல் அரசுடையது. ஒட்டியுள்ள 100 சதுர மீட்டர் வரை பக்கத்து நிலக்காரருக்குச் சேரும் என்று 2016 விதி ஒன்று இருக்கிறது.

மனைக்கு நேர் எதிரே உள்ள கடல் நமக்குத்தானே? மூங்கில் கம்பாக நட்டு வைத்திருக்கிறார்களே.

அந்த மூங்கில்களும் கயிறுகளும் ஒவ்வொரு குடும்பத்தின் பாசிப் பாத்தி. பதிவேட்டில் இல்லாவிட்டாலும் எது யாருடையது என்று ஊருக்குத் தெரியும். காட்சி மறைக்கிறது என்று பிடுங்கச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. கடலுக்கு நிலச் சான்றிதழ் யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். 2025 ஜனவரியில் தாங்கெராங் கரையில் 30.16 கி.மீ. மூங்கில் வேலி பெரிய செய்தியானபோது, கடல்மீதே கட்டட உரிமைச் சான்றிதழ்கள் இருந்தது வெளியானது. பிறகு அவை ரத்தாகத் தொடங்கின.

ஜகார்த்தாவில் உள்ள இந்தோனேசிய நண்பர் அங்கே வயல் வாங்கலாம்தானே, அவர் குடிமகன் ஆயிற்றே?

சட்டப்படி விளைநில உரிமையாளர் அதே வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். வெளியூர் உடைமைக்கு 1961 முதல் தடை இருக்கிறது. மனையாக வகைப்படுத்தப்பட்ட நிலத்துக்கு இது பொருந்தாது. சிலர் கிராமத்து முகவரியில் அடையாள அட்டை எடுத்து வாங்குகிறார்கள், தகராறு வந்தால் முதலில் கேள்விக்குள்ளாவது அந்த முகவரிதான்.

25 வருடக் குத்தகை எடுத்துவிட்டோம். நிலக்காரர் இறந்தாலோ, வேறொருவருக்கு விற்றாலோ நம் கதி?

விற்பனையால் குத்தகை முறியாது என்கிறது சிவில் சட்டத்தின் 1576-ஆம் பிரிவு. குத்தகை வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் குத்தகை நில அலுவலகச் சான்றிதழில் ஏறுவதில்லை என்பதால், புதிதாக வாங்குபவர் ‘எனக்குத் தெரியாது’ என்பார். அதனால் நோட்டரிப் பத்திரத்தில் நிலக்காரரின் மனைவியும் வயதுவந்த பிள்ளைகளும் சம்மதக் கையெழுத்திட வேண்டும். நீட்டிப்பு விலையை ‘அப்போதைய சந்தை விலை’ என்று விடாமல், ஒரு சூத்திரமாக எழுதுங்கள்: இத்தனை கிராம் தங்கத்தின் விலை, அல்லது முதல் விலையோடு ஆண்டுக்கு இத்தனை சதவீதம். கட்டிய வீடு முடிவில் யாருக்கு, இடையில் இன்னொருவருக்குக் கைமாற்ற நிலக்காரர் ஒப்புதல் வேண்டுமா என்பதும் அதில் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து வங்கி. நிலக்காரர் சான்றிதழை அடமானம் வைத்துக் கடன் கட்டாமல் போனால் ஏலம் வரும். வங்கி அனுமதியின்றிக் குத்தகை விடக் கூடாது என்று அடமானப் பத்திரத்தில் நிபந்தனை இருந்தால் உங்கள் ஒப்பந்தம் நிற்காது. கையெழுத்திடும் அன்று காலையே மேலே சொன்ன 50,000 ரூப்பியாச் சரிபார்ப்பை மறுபடி செய்யுங்கள். அசல் சான்றிதழைக் குத்தகைக் காலம் முழுதும் நோட்டரி காப்பில் வைக்க நிலக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல் 5 ஆண்டுக்கு ஒரு தவணையாகப் பேசுங்கள்.